மாத்திரை மாற்றமும் அன்றாடப் பழக்கமும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



எச்.ஐ.வி. என்னும் கிருமிக்காகத் தின்னும் மாத்திரைகளைப் பற்றியும், அவைகளில் ஒன்றை விட்டு மற்றொன்றுக்கு மாறும்படி ஆஸ்பத்திரியில் சொல்லும்போது ஜனங்களுக்கு உண்டாகும் பயத்தைப் பற்றியும், நம்முடைய அன்றாடப் பழக்க வழக்கங்கள் அம்மருந்துகளுக்கு எப்படித் துணையாகவும் துரோகமாகவும் இருந்து வருகின்றன என்பதைப் பற்றியும் நான் பேச வேண்டும் என்று இவ்வூர்த் தோழர்கள் கேட்டுக்கொண்டார்கள். நான் டாக்டரல்ல, வைத்தியப் புஸ்தகம் படித்துப் பரீட்சை கொடுத்தவனுமல்ல. இவ்விஷயத்தைப் பேச எனக்குள்ள யோக்கியதை ஒன்றே ஒன்றுதான். அதாவது, 2006-ம் வருஷம் முதல் இம்மாத்திரைகளைத் தினந்தோறும் தின்று உயிரோடிருக்கிறவன் நான்.

ஏன் இப்படிச் சபை அமைதியாகிவிட்டது? சர்க்கரை வியாதிக்காரன் தன் வியாதியை மேடையில் சொன்னால் பக்கத்திலிருப்பவர் தன் சர்க்கரைக் கணக்கையும் சேர்த்துச் சொல்லுகிறார். நான் சொன்னால் நாற்காலி நகருகிறது. நான் குடித்து வைத்த தம்ளரில் தண்ணீர் குடிப்பதாலும், என் கையைப் பிடிப்பதாலும், என்னைக் கடித்த கொசு உங்களைக் கடிப்பதாலும் இக்கிருமி ஒட்டிக்கொள்ளாது. இது இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சங்கதி. தெரிந்தும் நாற்காலி நகருகிறதென்றால் அது வியாதியைப் பற்றிய பயமல்ல. "அவன் என்ன செய்து இதைச் சம்பாதித்தானோ" என்கிற ஆராய்ச்சிதான் அது. நிற்க.

இக்கிருமி நம் நாட்டில் இருக்கிறதென்று முதன் முதலில் தெரியவந்ததே நம் சென்னைப் பட்டணத்தில்தான். 1986-ம் வருஷத்தில் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுநீதி சாலமன் அம்மையாரும், அவரிடம் படித்துக்கொண்டிருந்த டாக்டர் செல்லப்பன் நிர்மலா அம்மையாரும் இரத்தம் சேகரித்து, சென்னையில் பரிசோதிக்க வசதியில்லாததால் வேலூருக்கு எடுத்துப்போய்ப் பார்த்தார்கள். அதற்கு முன் "அது வெள்ளைக்காரர் வியாதி, நம் ஒழுக்கத்துக்கு அது இங்கே வராது" என்று பெரிய மனிதர்களெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கிருமிக்கு நம் ஒழுக்கப் பெருமை தெரியவில்லை. ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தது.

மருந்து விஷயம் என்னவென்றால், 1987-ல் ஜிடோவுடின் என்னும் முதல் மருந்து வெளிவந்தது. தனி மருந்தாகக் கொடுத்ததில் கொஞ்ச காலம் குணம் தெரிந்து பிறகு பலிக்காமற் போயிற்று. காரணம் இதுதான். இக்கிருமி நம் சரீரத்தில் ஓயாமல் தன்னைத் தானே நகல் எடுத்துக்கொண்டே இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் பத்திரம் நகல் எழுதும் குமாஸ்தாவைப் போல் ஒவ்வொரு நகலிலும் ஏதாவது பிழை விடுகிறது. அப்பிழைகளில் ஏதாவது ஒன்று மருந்துக்கு அகப்படாத பிழையாக அமைந்துவிடுமானால், அந்த நகல் மாத்திரம் பிழைத்துப் பெருகிவிடுகிறது. ஆகவே 1996-ஐ ஒட்டி, மூன்று மருந்துகளை ஒரே சமயத்தில் கொடுத்து மூன்று வழிகளையும் அடைத்துவிடும் முறை ஏற்பட்டது. ஒன்றுக்குத் தப்பும் பிழை மற்ற இரண்டிடமும் மாட்டிக்கொள்ளும். இன்று ஒரே மாத்திரையாக நாம் தின்பதும் மூன்று மருந்து சேர்ந்ததுதான்.

அந்த முறை வந்த காலத்தில் ஒரு மனிதனுக்கு வருஷம் பதினாயிரம் டாலருக்கு மேல் செலவு. ஏழை நாட்டான் சாக வேண்டியதுதான் என்றிருந்தது. 2001-ல் பம்பாயிலுள்ள சிப்ளா கம்பெனி, வருஷத்துக்கு 350 டாலருக்கு மூன்று மருந்தையும் கொடுக்கிறோமென்று முன்வந்தது. நம் நாட்டு சர்க்கார் 2004-ம் வருஷம் ஏப்ரல் மாதம் 1-ந் தேதி முதல் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். முதலில் ஆரம்பித்த எட்டு ஆஸ்பத்திரிகளில் நம் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. இரண்டு வருஷம் முந்தி இக்கிருமி எனக்குத் தெரிந்திருந்தால் நான் இங்கே நிற்கமாட்டேன்.

எனக்கு முதலில் கொடுத்தது ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின் என்ற மூன்று. காலையில் ஒன்று, இரவில் ஒன்று. படுத்த படுக்கையாய் இருந்தவன் எழுந்து நடந்தேன். ஆனால் நாலைந்து வருஷத்தில் என் கன்னம் இரண்டும் ஒட்டிப்போயிற்று. கை கால் குச்சியாகி நரம்பு புடைத்தது. உள்ளங்காலில் இரவெல்லாம் நெருப்பு வைத்தாற்போல் எரிச்சல். டீக்கடையில் பங்காளி ஒருவர், "என்ன மாப்ளே, கன்னம் இப்படிக் குழி விழுந்துபோச்சு?" என்று கேட்பார். பல்வலி என்பேன். எத்தனை வருஷம் பல்வலி என்று சொல்ல முடியும்? இவையெல்லாம் ஸ்டாவுடின் செய்கிற வேலையென்று தெரிந்து, 2009-ல் உலக சுகாதார ஸ்தாபனத்தார் இம்மருந்தை விட்டொழிக்க வேண்டுமென்று சொன்னார்கள். எனக்கு அதை மாற்றி டெனோபோவிர் கொடுத்தார்கள். கால் எரிச்சல் தணிந்தது. கன்னம் முழுவதும் பழையபடி திரும்பவில்லை, இதோ பார்க்கிறீர்கள்.

பிறகு எபவிரென்ஸ் சேர்ந்த ஒரே மாத்திரை வந்தது. இரவில் படுக்கும்போது மாத்திரம் ஒன்று. அதைத் தின்ற முதல் மாதம் நான் கண்ட கனவுகளைச் சொன்னால் புராணம் எழுதியவர்கள் எந்த மருந்தைத் தின்றார்கள் என்று கேட்பீர்கள். அம்மாத்திரையை எண்ணெய்ப் பண்டத்துடன் தின்றால் மருந்து அளவுக்கு மேல் இரத்தத்தில் ஏறி மயக்கம் அதிகமாகும் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். நான் பரோட்டாவும் குருமாவும் தின்று கையோடு மாத்திரையும் போட்டுக்கொண்டு, காலையில் சுவரைப் பிடித்து நடந்தவன். மருந்தைக் குறை சொன்னேன். குருமாவைக் குறை சொல்லவில்லை.

இப்பொழுது நாட்டில் பெரும்பாலோருக்குக் கொடுப்பது டோலுடெக்ரவிர் சேர்ந்த மாத்திரை. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ல் இதை முதல் மருந்தாகச் சொல்லிற்று. நம் நாட்டில் 2020-ஐ ஒட்டி மாற்ற ஆரம்பித்தார்கள். எனக்கு மாற்றச் சொன்னபோது நான் மாட்டேனென்று மல்லுக்கு நின்றேன். "நன்றாக ஓடுகிற வண்டிக்கு ஏன் அச்சு மாற்றுகிறீர்கள்? எங்களை வைத்துச் சோதனை செய்கிறீர்களா?" என்று கேட்டேன். இந்தக் கேள்வி கேட்டதில் தப்பில்லை. தன் வாயில் போடுவது இன்னதென்று கேட்பது ஒவ்வொருவனுடைய உரிமை. கேட்டுவிட்டுப் பதிலைக் காதில் வாங்காமலிருந்ததுதான் என் தப்பு.

என்ன பதில் சொன்னார்களென்றால், மாற்றம் என்பதில் இரண்டு வகை உண்டு. மருந்து பலிக்காமற்போய், இரத்தத்தில் கிருமி மறுபடி பெருகிவிட்டதென்றால், வேறு கூட்டு மருந்துக்கே போக வேண்டும். அது ஒரு வகை. கிருமி அடங்கித்தான் இருக்கிறது. ஆனால் பக்க விளைவு தொந்தரவு செய்கிறது, அல்லது அதைவிட நல்லதும் லேசானதுமான மருந்து வந்திருக்கிறது என்பதற்காக ஒன்றை மாத்திரம் எடுத்துவிட்டு மற்றொன்று போடுவது இன்னொரு வகை. இரண்டாவது வகை மாற்றத்தைக் கேட்டவுடன் ஜனங்கள் முதல் வகையென்று நினைத்து, "நமக்கு முற்றிவிட்டது" என்று வீட்டில் போய் அழுகிறார்கள். எனக்கு நடந்தது இரண்டாவது வகை. டோலுடெக்ரவிர் கிருமியைச் சீக்கிரம் அடக்குகிறது. கிருமி அதற்குத் தப்பும் பிழையைச் செய்வது மிகவும் கடினம். கனவுத் தொந்தரவும் குறைவு.

புது மருந்தென்றால் குற்றமே இல்லாததென்று நான் சொல்ல வரவில்லை. 2018-ல் ஆப்பிரிக்காவிலுள்ள போட்ஸ்வானா தேசத்தில், இம்மருந்தைத் தின்றுகொண்டே கர்ப்பமான தாய்மாருக்குப் பிறந்த 426 குழந்தைகளில் 4 குழந்தைகளுக்கு முதுகுத் தண்டு, மூளை ஊனம் இருந்ததென்று கணக்கு வெளிவந்தது. உலகமெல்லாம் பயந்து பல தேசங்களில் பெண்களுக்கு இதைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். ஆனால் அத்தோடு விடவில்லை. மேலும் ஆயிரக்கணக்கான பிரசவங்களை எண்ணிக்கொண்டே வந்தார்கள். எண்ணிக்கை ஏற ஏற அந்த வித்தியாசம் குறைந்து, கடைசியில் மற்ற மருந்து தின்பவர்களுக்கும் இதற்கும் வித்தியாசமில்லையென்று ஏற்பட்டது. முதலில் பயந்ததும் கணக்கைப் பார்த்துத்தான், பிறகு பயம் தெளிந்ததும் கணக்கைப் பார்த்துத்தான். இப்படித் தன் வார்த்தையைத் தானே திருத்திக்கொள்ளும் வைத்தியத்தை நான் நம்பத் தயார். ஆயிரம் வருஷமாக ஒரே வார்த்தை சொல்லுகிறோம் என்று பெருமைப்படுகிறவனைக் கண்டால்தான் எனக்குப் பயம்.

அதற்கு நேர்மாறாக நடந்த கதையும் உண்டு. தென் ஆப்பிரிக்காவில் தாபோ எம்பெக்கி என்பவர் ஜனாதிபதியாயிருந்தபோது, எய்ட்ஸுக்கு இக்கிருமிதான் காரணமா என்று சந்தேகம் கிளப்பி, மருந்து கொடுப்பதைத் தாமதப்படுத்தினார். அவருடைய சுகாதார மந்திரி அம்மையார் பூண்டும் பீட்ரூட்டும் எலுமிச்சம் பழமும் சாப்பிடச் சொன்னார். 2000 முதல் 2005 வரை அந்தத் தாமதத்தால் போன உயிர்கள் மூன்று லட்சத்து முப்பதினாயிரத்துக்கு மேலென்று அமெரிக்காவின் ஹார்வர்டு சர்வகலாசாலையார் 2008-ல் கணக்கிட்டார்கள். பூண்டு நல்ல பண்டம்தான், ரசத்தில் போடலாம். நம் ஊரிலும் "இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டு இதைத் தின்னு, மூன்று மாதத்தில் வேரோடு போகும்" என்று சூரணம் விற்கிறவர்கள் இல்லாமலில்லை. இக்கிருமியை வேரோடு எடுக்கும் மாத்திரையோ சூரணமோ இன்று வரையில் இல்லை. அடக்கி வைக்க முடியும். சாகும் வரையில் அடக்கி வைக்க முடியும். அவ்வளவே, ஆனால் அது சாமானியமல்ல.

இனிப் பழக்கங்களுக்கு வருகிறேன். சாப்பாட்டைவிட, குடியைவிட, எல்லாவற்றையும்விட இந்த வைத்தியத்துக்குப் பெரிய சத்துரு ஒளித்து வைக்கும் பழக்கம். நான் பன்னிரண்டு வருஷத்துக்கு மேல் என் மாத்திரை டப்பாவை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்திருந்தேன். விருந்தாளி வந்துவிட்டால் அடுக்களைக்குப் போக முடியாது, மாத்திரை போய்விடும். 2019-ல் என் தங்கை மகள் கல்யாணத்துக்குப் போய் ஐந்து நாள் தங்கினேன். நூறு பேர் படுத்திருக்கும் கூடத்தில் மாத்திரையை எப்படி எடுப்பது? எடுக்கவில்லை. அதே மாதிரி வளைகாப்புக்கு மூன்று நாள், இழவு வீட்டுக்கு நாலு நாள். அப்புறம் வைரல் லோடு பரிசோதனையில் ஆயிரத்துக்கு மேல் காட்டியது. அதாவது கிருமி எழுந்துவிட்டது.

இதன் சூட்சுமத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்று மருந்தையும் ஒரே நாளில் நிறுத்தினாலும் மூன்றும் ஒரே நாளில் சரீரத்தைவிட்டுப் போவதில்லை. லாமிவுடின் சில நாளில் போய்விடும். எபவிரென்ஸ் ஒரு வாரத்துக்கு மேலும் தேங்கி நிற்கும். ஆகவே அந்த நாட்களில் மூன்று காவற்காரருக்குப் பதில் ஒரு காவற்காரன்தான் நிற்கிறான். கிருமி அவன் முகத்தைப் படித்து, அவனுக்குத் தப்பும் வழியைக் கற்றுக்கொள்ளுகிறது. பிறகு அந்த மருந்து அவனுக்கு ஜன்மத்துக்கும் உதவாது. மருந்துக்கு ஓய்வு விட்டால் உடம்புக்கு நல்லது என்று நினைத்த காலமும் உண்டு. அதை 5,472 பேரை வைத்துப் பார்த்து 2006-ல் வெளியிட்டார்கள். விட்டு விட்டுத் தின்றவர்கள், விடாமல் தின்றவர்களைவிட இரண்டு மடங்குக்கு மேல் வியாதிக்கும் மரணத்துக்கும் ஆளானார்கள்.

எனக்கு நடந்ததென்னவென்றால், கவுன்சலர் அம்மாள் கோபித்துக்கொள்ளாமல், எந்த நாள் ஏன் விட்டதென்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மூன்று மாதம் ஒழுங்காகத் தின்ற பிறகு மறுபடி பார்த்ததில் கிருமி அடங்கிவிட்டது. நான் தப்பினது என் சாமர்த்தியமல்ல, பலர் தப்புவதில்லை. அன்று வீட்டுக்கு வந்தபோது என் துணைவியார், "அரிசிப் பானையிலே யாருக்குப் பயந்து ஒளிச்சு வைக்கிறீங்க? ஊறுகாய் ஜாடி பக்கத்திலே வையுங்க. யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றார். அவருக்கு இக்கிருமி இல்லை. அந்த ஜாடிப் பக்கம்தான் இன்றும் டப்பா இருக்கிறது. அதற்குப் பிறகு நான் ஒரு நாள்கூட விடவில்லை.

தோழர்களே! இதில் யார் மேல் குற்றம்? மருந்து இலவசம், ஆஸ்பத்திரி பஸ் தூரத்தில், டாக்டர் நல்லவர். இருந்தும் ஒரு மனிதன் மாத்திரை விழுங்க முடியாமல் கல்யாண வீட்டில் சாக ஆரம்பிக்கிறான். அவனைக் கொல்லுவது கிருமியா, அந்தக் கூடத்தில் படுத்திருக்கும் நூறு பேருடைய வாயா? ஒருவருடைய சம்மதமில்லாமல் அவருக்கு இக்கிருமி இருப்பதை வெளியிடக் கூடாதென்றும், வேலையிலோ ஆஸ்பத்திரியிலோ பள்ளிக்கூடத்திலோ வாடகை வீட்டிலோ வித்தியாசம் காட்டக்கூடாதென்றும் 2017-ல் சட்டமே செய்து, 2018 செப்டம்பர் 10 முதல் அது அமுலில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஒரு ஆஸ்பத்திரியில் சிப்பந்தி ஒருவர் வராந்தா முழுவதும் கேட்கும்படி என் வியாதியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுண்டு. நான் போய், "என் பெயர் சீட்டில் எழுதியிருக்கிறது, அதைப் படியுங்கள்" என்றேன். மறு தடவை பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்.

நிற்க, புது மாத்திரைக்கு மாறினவர்கள் அவசியம் கவனிக்க வேண்டியவை சில. இதை வெறும் வயிற்றிலும் தின்னலாம், சாப்பிட்டும் தின்னலாம். ஆனால் வயிற்றெரிச்சலுக்குக் கடையில் வாங்கிக் குடிக்கும் வெள்ளை மருந்தில் அலுமினியமும் மெக்னீசியமும் இருக்கின்றன. அவை வயிற்றிலேயே டோலுடெக்ரவிரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு இரத்தத்தில் ஏறவிடாது. ஆகவே மாத்திரையைத் தின்று இரண்டு மணி நேரம் கழித்துத்தான் அதைக் குடிக்கலாம். முதலில் அதைக் குடித்துவிட்டால் ஆறு மணி நேரம் பொறுத்து மாத்திரை. சுண்ணாம்புச் சத்து மாத்திரை, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கும் இதே கணக்குத்தான். சாப்பாட்டோடு சேர்த்தால் மாத்திரம் இரண்டையும் ஒன்றாகத் தின்னலாம். கர்ப்பிணிகள் இதை முக்கியமாய்க் கவனிக்க வேண்டும். அவர்களுக்கு இரும்பு மாத்திரை கொடுப்பது ஓரிடம், இந்த மாத்திரை கொடுப்பது வேறிடம்.

சர்க்கரை வியாதிக்கு மெட்பார்மின் தின்பவர்களுக்கு அது இரத்தத்தில் அதிகமாக ஏறும். ஒரு நாளைக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் போகாமல் டாக்டர் பார்த்துக்கொள்வார், ஆனால் நாம் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்? காசநோய்க்கு ரிபாம்பிசின் தின்பவர்களுக்கு டோலுடெக்ரவிர் சீக்கிரம் கரைந்துபோவதால் தினம் இரண்டு வேளையாகக் கொடுப்பார்கள். வலிப்பு மருந்துகள் சிலவும் அப்படியே. மூட்டுவலிக்கு ஓயாமல் வலி மாத்திரை வாங்கித் தின்பதும், கூட இருக்கும் டெனோபோவிரும் சேர்ந்து மூத்திரக் காயைக் கெடுக்கும். மாறின பிறகு கிரியாட்டினின் கணக்கு சற்று உயர்ந்து காட்டினால் உடனே பயப்பட வேண்டாம். டோலுடெக்ரவிர், அந்த உப்பு வெளியேறும் ஒரு வழியை மாத்திரம் அடைக்கிறது. அதனால் மூத்திரக் காய் கெட்டுவிட்டதென்று ஆகாது. எது எது என்று பிரித்துச் சொல்லுவது டாக்டர் வேலை. மஞ்சள் காமாலை பி கிருமியும் இருப்பவர்கள் டெனோபோவிரையும் லாமிவுடினையும் தாமாக நிறுத்தினால் கல்லீரல் திடீரென்று கெடும். அவ்விரண்டும்தான் அதையும் அடக்கிக்கொண்டிருக்கின்றன. புது மாத்திரையால் தூக்கம் வரவில்லையென்றால் காலையில் தின்னலாம். எடை ஏறினால் "பூரித்துவிட்டேன்" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே இராமல் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேளை மறந்துவிட்டால் ஞாபகம் வந்தவுடன் தின்னவும். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரத்துக்குள் என்றால் விட்டுவிட்டு அடுத்ததைத் தின்னவும். இரண்டாகச் சேர்த்து விழுங்க வேண்டாம். விரதம் இருக்கிறவர்கள் இருந்துகொள்ளட்டும், நான் இன்று அந்தச் சண்டைக்கு வரவில்லை. இம்மாத்திரைக்குச் சோறு வேண்டியதில்லை, ஒரு மடக்குத் தண்ணீர் போதும்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. குடிப்பது கல்லீரலுக்குக் கேடு, மறதிக்கும் மூலம். ஆனால் அதைவிடப் பெரிய கேடு ஒன்றைக் கண்டிருக்கிறேன். "சரக்குப் போட்ட அன்று மாத்திரை போட்டால் விஷமாகிவிடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, குடித்த நாளெல்லாம் மாத்திரையை விட்டுவிடுகிறார்கள். வாரம் மூன்று நாள் குடிக்கிறவனுக்கு வாரம் நாலு நாள்தான் வைத்தியம் என்று ஆகிவிடுகிறது. குடிக்காதே, குடித்துத் தொலைத்தாலும் மாத்திரையை விடாதே. புகை பிடிப்பதைப் பற்றி டென்மார்க் தேசத்தில் 2013-ல் வெளியிட்ட கணக்கு வேடிக்கையானது. ஒழுங்காக மருந்து தின்றுவரும் எச்.ஐ.வி. காரர்களில், கிருமியால் குறையும் ஆயுள் சுமார் 5 வருஷம், பீடி சிகரெட்டால் குறையும் ஆயுள் சுமார் 12 வருஷம். கிருமிக்கு மருந்து தின்றுகொண்டே வாயில் பீடியோடு என்னிடம் ஆயுளைப் பற்றிக் கவலைப்படும் தோழர்கள் இங்கேயே இருக்கிறார்கள். (சிரிப்பு)

ஒழுங்காகத் தின்று கிருமி கண்ணுக்கே அகப்படாத அளவுக்கு அடங்கியிருப்பவரிடமிருந்து, கூடி வாழ்வதால் துணைவருக்கு இக்கிருமி போவதில்லை. 888 தம்பதிகள் உறையில்லாமல் சுமார் 58,000 தடவை கூடியதை வைத்துப் பார்த்து 2016-ல் சொன்னார்கள்; மருந்தால் அடங்கியிருந்த துணைவரிடமிருந்து ஒருவருக்குக்கூடப் போகவில்லை. இதை நான் முன்பே அறிந்திருந்தால் என் துணைவியாரிடமிருந்து பல வருஷம் ஒதுங்கி, வேறு கட்டிலில் படுத்து அழுதிருக்கமாட்டேன்.

கடைசியாக ஒன்று. இன்ன தேதியில் இன்ன மருந்து, ஏன் மாற்றினார்கள், அப்போது வைரல் லோடு எவ்வளவு என்பதை ஒரு நோட்டுப் புஸ்தகத்தில் எழுதி வையுங்கள். ஜில்லா மாறி வேலைக்குப் போகிறவர்களுக்கு அது அவசியம். மாற்றும்போது எதற்காக மாற்றுகிறார்களென்று கேளுங்கள். பதில் புரியாவிட்டால் இரண்டாம் தடவை கேளுங்கள்.

கேள்வி கேட்க விரும்புவோர் எழுந்து கேட்கலாம். எழுந்து கேட்க முடியாதவர்களுக்காக வாசலில் துண்டுக் காகிதமும் பென்சிலும் வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டியதில்லை. எழுதிக் கொடுத்தால் எனக்குத் தெரிந்ததைச் சொல்லுகிறேன், தெரியாததைக் கேட்டு அடுத்த வாரம் இங்கேயே சொல்லுகிறேன்.